மூன்று செவ்வாய்க்கிழமைகள்

அந்த நூலகத்தில் வரலாறு இடது பக்கம், நாவல் வலது பக்கம், நடுவில் நாளிதழ் மேசை. இடது பக்கத்து வாசகர்கள் வலது பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வலது பக்கத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இடது பக்கம் போனால் தூசியில் தும்மல் வரும் என்று நாளிதழ் மேசையோடு நின்றுவிடுவார்கள். எல்லோரும் லைப்ரரியம்மா என்று கூப்பிடுகிற அவள் பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். கை இரண்டு பக்கத்துக்கும் பொது. மனசு மட்டும் இடது பக்கம்.

"நடந்ததைப் படிக்கவே ஆயுசு பத்தல. இதுல நடக்காததை வேற படிக்கணுமா?" என்பாள்.

இதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிக்கிறவர் ட்ராம் ஐயா. எழுபத்து நாலு வயது. முப்பத்தைந்து வருஷம் ட்ராம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, பூட்ஸ்காரன் ஆட்சியில் அந்த ஊர் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதினார். சர்வாதிகாரியை அந்தக் காலத்தில் பேர் சொல்லித் திட்டினால் நாக்கு போய்விடும். ஊரே அவனைப் பூட்ஸ்காரன் என்றுதான் காதோடு காதாகச் சொல்லும். ஐயாவின் புத்தகம் இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தது. வரும்போதெல்லாம் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

இப்போது அதற்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. திருத்தங்களை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். ஏழு வாரமாக ஐயாவும் லைப்ரரியம்மாவும் போரில் செத்தவர்களின் பட்டியல்களை வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் அப்படியே விட்டுடலாம்மா. ஊசிக்கு மட்டும் ஒரு பேர் வேணும்."

"பேரே தெரியாம பட்டியல்ல எப்படிங்கய்யா தேடுறது?"

"தையல்காரி. இருபத்தாறு வயசு இருக்கும். செவ்வாய்க்கிழமை பிடிச்சிருக்காங்க. பாத்துக்கிட்டே இரு, வரும்."

ஊசி என்பது அவர்கள் குழு வைத்த பேர். ஒருவருடைய நிஜப் பேர் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. பிடிபட்டு அடி வாங்கினாலும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. நேரம் தவறாமல் வண்டி ஓட்டுகிற ஐயாவுக்குக் கடிகாரம் என்று பேர். இருவரையும் கோர்த்துவிட்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவர்தான் துண்டுத்தாள்களை அச்சடிப்பார். ஏழாம் எண் ட்ராமில் ஓட்டுநருக்குப் பின் இருக்கையின் அடியில் கட்டு கிடக்கும். செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்குக் கடைசி நிறுத்தத்தில் ஊசி ஏறுவாள், அந்த இருக்கையில் உட்காருவாள், கட்டோடு போவாள். ராணுவக் கோட்டு தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. மறுவாரம் போர்முனையில் ஏதோ ஒரு சிப்பாயின் கோட்டு லைனிங்குக்குள் ஒரு தாள் சரசரக்கும்: 'யாருக்காகச் சாகிறாய்? வீட்டுக்குப் போ.'

ஒரு செவ்வாய்க்கிழமை பூட்ஸ்காரனின் ஊர்வலம் குறுக்கே வந்து ட்ராமை நிறுத்திவிட்டது. ஐயா பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கடைசி நிறுத்தத்துக்கு வந்தபோது, யாரையோ ஏற்றிக்கொண்டு ஒரு ராணுவ வேன் நகர்ந்துகொண்டிருந்தது. நடைபாதையில் ஒரு தையல் கத்தரிக்கோல் கிடந்தது. ஊசி இல்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. சந்திக்க வேண்டியவர் வரவில்லையென்றால் அடுத்த மூன்று வாரம் அதே கிழமை, அதே இடத்தில் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது வாரமும் காணோமென்றால் அவர் செத்துவிட்டார். தேடக்கூடாது, விசாரிக்கக்கூடாது. ஐயா மூன்று செவ்வாய்க்கிழமையும் போனார். பிறகு முப்பத்தேழு வருஷம் கழித்து, ஒன்பதாவது அத்தியாயத்தின் கடைசி வரியாக எழுதினார்: 'ஊசி செத்தது என்னால்.'

"அந்த வரியையாவது எடுத்துடுங்கய்யா" என்று லைப்ரரியம்மா ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்துட்டா நடக்கலேன்னு ஆயிடுமா? வரலாறும்மா இது. உன் வீட்டுக்காரர் படிக்கிற கதை இல்ல."

அவள் வீட்டுக்காரர் வலது பக்கத்து ஆள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. பகலெல்லாம் ஊரார் கண்ணுக்கு உழைத்துவிட்டு, சாயங்காலம் தன் கண்ணை நாவலுக்குக் கொடுத்துவிடுவார். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகத்தைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்துப் படிப்பார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஜாடி நாலு மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

அன்று அவர் மூக்கை உறிஞ்சினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சளியா, கதையா?"

"கதைதான். நீ ஒண்ணும் சொல்லாத."

"யாராவது செத்துட்டாங்களா?"

"ட்ராம் டிரைவர். நல்ல மனுஷன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பொண்ணு பாவம், தன்னாலதான் செத்தான்னு உருகுறா. ஆபத்துன்னா கம்பத்துல கைக்குட்டை கட்டணும்னு பேச்சு. வேனைப் பாத்த பயத்துல கட்டாம ஓடிட்டா. மூணு வாரம் வந்து பாக்குறா, ஆளைக் காணோம்."

அவள் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"மூணு வாரம்னா? என்ன கிழமை?"

"கிழமையில என்ன இருக்கு?"

"என்ன கிழமைங்க?"

"செவ்வாய். ஏன், உன் வரலாற்றுல செவ்வாய்க்கிழமை கிடையாதா?"

அவள் எழுந்துபோய் அந்தப் புத்தகத்தை அவர் கையிலிருந்தே பிடுங்கினாள். 'கோட்டின் உள்பக்கம்' என்று பேர். தன் கையால் முத்திரை குத்தி, தன் கையால் வலது பக்கம் வைத்த புத்தகம். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறது. ஐயாவின் புத்தகத்துக்கும் இதற்கும் நடுவில் நாளிதழ் மேசை, பதினான்கு அடி.

"ஏய், நான் இன்னும் முடிக்கல!"

"முடிவு நான் சொல்றேன், இருங்க."

மறுநாள் மதியம் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் முழுவதையும் படித்தாள். தையல்காரியும் மருந்துக்கடையும் கட்டும் கத்தரிக்கோலும் வரிசையாக வந்தன. அந்த மூன்று செவ்வாயும் இருந்தன. கதையில் அவள் எதிர் மாடியின் படிக்கட்டு ஜன்னலில் ஒளிந்து நிற்கிறாள். ஏழாம் எண் ட்ராம் வருகிறது. ஓட்டுகிறவன் வேறு ஆள். மூன்று வாரமும் அதே வேறு ஆள்.

ஐயாவின் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதில் அவரே எழுதியிருந்தார்: தாமதத்துக்குத் தண்டனையாக டிப்போவில் அவரை நாலாம் எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து, சீருடையை மாற்றிக்கொண்டு, கடைசி நிறுத்தத்துப் பத்திரிகைக் கடையின் மறைவில் நின்று, ட்ராமில் ஏறுகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊசி ஏறவில்லை.

அவள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்திருக்கிறாள். அவர் பயணிகள் வரிசையைப் பார்த்திருக்கிறார். நடுவில் ஒரு தெரு. மூன்று வாரம் நின்று, ஒருவரையொருவர் சாகடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

லைப்ரரியம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஆனால் இடது பக்கத்து மூளை சும்மா இருக்குமா? நாவல்காரர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுப்பார்கள். ஐயாவின் புத்தகத்தைப் படித்துவிட்டு யாரோ கதை கட்டியிருந்தால்? அச்சான வருஷத்தைப் பார்த்தாள். நாவல் இரண்டு வருஷம் மூத்தது. அப்படியும் அவளுக்கு ஆறவில்லை. மருந்துக்கடைக்காரர் போர் முடிவதற்குள் இறந்துபோனாலும், சாகுமுன் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஒரு மனுஷருக்கு நாற்பத்தோரு வருஷத்துப் புண். உறுதி இல்லாமல் அதில் விரலை வைக்கலாமா?

நாவலின் ஓர் இடத்தில் ஓட்டுநருடைய முதுகைத்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்று வருகிறது. முதுகும், இடது கையில் மட்டும் ஒரு கையுறையும். ஐயாவின் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினாள். கையுறை என்ற வார்த்தையே இல்லை.

மூன்று மணிக்கு ஐயா வந்தார். புத்தகத்தைத் தட்டிக்கொடுக்கப் போய், இடம் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா, என்னை யாராவது எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"இங்கதான் இருக்கு. ஐயா, ஒண்ணு கேக்கணும். ட்ராம் ஓட்டும்போது கையுறை போடுவீங்களா?"

"குளிர்ல போடாம? இடது கையில மட்டும் போடுவேன். வலது கை பிரேக் கை. கையுறை போட்டா பிடி தெரியாது." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "இதை நான் எழுதலையே. எதுக்குக் கேக்குற?"

அவள் நாவலைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். ஐயா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வாசித்தார். அந்தப் பக்கத்தை முடித்து அடுத்ததைத் திருப்பினார். அதற்கடுத்ததையும் திருப்பினார். நாளிதழ் மேசையில் ஒருவர் இருமினார். ஐயா அரைமணி நேரம் தலையைத் தூக்கவில்லை.

தூக்கியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைக் கொன்னுட்டாம்மா."

"ஆமாங்கய்யா."

"நடுத்தெருவுல வெச்சு! அடிச்சு! நூத்தி நாப்பதாம் பக்கத்துல என் மூக்கு உடையுது!" சத்தம் போட்டுவிட்டு, தானே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார். "இதை எழுதினது ஊசியா?"

"அப்படித்தான் தோணுது."

"அப்போ அவ சாகலயா?"

லைப்ரரியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதியைக் குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

நாவலில் இருந்தது புனைபெயர். முகவரி தரமாட்டோம், கடிதம் எழுதினால் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள் அந்தப் பதிப்பகத்தில். லைப்ரரியம்மா எழுதினாள். நாலு தடவை கிழித்துப்போட்டு, ஐந்தாவது தடவை நேராகவே எழுதிவிட்டாள்: 'உங்கள் நாவலில் வரும் ட்ராம் ஓட்டுநர் உயிரோடு இருக்கிறார். எங்கள் நூலகத்துக்குத் தினமும் வருகிறார்.' நூலகத்துத் தொலைபேசி எண்ணையும் போட்டாள்.

கடிதம் போனதிலிருந்து ஐயா படுத்திய பாடு கொஞ்சமா? திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். பூட்டிய பிறகும் போகமாட்டார். தொலைபேசியை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்திவைப்பார், அங்கே வைத்தால் சீக்கிரம் அடிக்கும் என்பதுபோல. வீட்டுக்காரர்கூட மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துச்சா?"

"இல்ல. நாவல் படிக்கிறவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"கண்டுபிடிச்சது யாரு மேடம்? நான் அழாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்த எடுப்பில் ஒரு கூரான பெண் குரல்.

"யாருங்க அது, செத்தவரைப் பத்தி வேடிக்கை பண்றது? உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லையா?"

"அம்மா, வேடிக்கை இல்ல. அவர் இதோ என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்."

"நான் போர் முடிஞ்சதும் டிப்போவுக்கே போய்ப் பாத்தவ. டிப்போவே சாம்பலாக் கிடந்துச்சு. எட்டு டிரைவர் போயிட்டாங்கன்னாங்க. என்கிட்ட கதை விடாதீங்க!"

"நீங்க பேசுங்கய்யா" என்று லைப்ரரியம்மா ரிசீவரை நீட்டினாள்.

ஏழு நாளாகத் தொலைபேசியைக் காவல் காத்த மனுஷர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "நான் மாட்டேன்."

"ஐயா!"

"என்னன்னு பேசுவேன்? லேட்டாப் போனது நான். நீயே சொல்லு. பன்னிரண்டு நிமிஷம்னு சொல்லு. ஊர்வலம் குறுக்க வந்துடுச்சுன்னு சொல்லு. வேணும்னு பண்ணலன்னு..."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஊர்வலம்னு நான் எங்கயும் எழுதல" என்றது குரல் கடைசியில். கூர்மை எங்கோ போயிருந்தது. "எனக்கே தெரியாது. வண்டி ஏன் வரலன்னு எனக்குத் தெரியவே தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "உங்க ஊருக்கு காலையில எத்தனை மணிக்கு ரயில் இருக்கு?" என்று கேட்டது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நூலகத்துக் கதவு திறந்தது. ஒல்லியான ஓர் அம்மா, சாம்பல் நிறக் கோட்டு, கையில் பை. கோட்டின் தையல் ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. வாசலிலேயே நின்று மேசை மேசையாகப் பார்த்தார். ட்ராம் ஐயா வரலாற்று வரிசைக்கு எதிரே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கதவைப் பார்த்து உட்காரத் தைரியம் இல்லை.

அந்த அம்மா யாரையும் விசாரிக்கவில்லை. நேராக நடந்துபோய் அவருக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதுகு கூனிடுச்சே, கடிகாரம்."

ஐயா திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நாற்காலியை இழுத்துத் திருப்பினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். நாளிதழ் மேசைக்காரர்கள் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சத்தம் போடக்கூடாது என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து லைப்ரரியம்மா மூக்கை உறிஞ்சினாள். அது சளி இல்லை.

"என்னை மன்னிச்சுடுங்க, ஊசி" என்றார் ஐயா. "பன்னிரண்டு நிமிஷம். முப்பத்தஞ்சு வருஷத்துல அந்த ஒரு நாள்தான் லேட்."

"நான்தான் கைக்குட்டையைக் கட்டாம ஓடினேன். நீங்க கட்டோட நேரா வந்து அவங்க கையில மாட்டியிருப்பீங்கன்னுதான்..."

"என்னை யாருமே பாக்கலைங்க. நான் வரும்போது அவங்க கிளம்பிட்டாங்க."

அந்த அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "கடைசி நிறுத்தத்துல வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கால் மணி நேரம். ஏன்?"

"வேன் திரும்பினது நாலு இருபதுக்கு. எதிர் மாடியில பெரிய கடிகாரம் இருக்கும், எனக்கு நல்லா ஞாபகம். நேரா நிறுத்தத்துக்கு வந்தாங்க. யாரோ துப்புக் கொடுத்திருக்கான். ட்ராம் இல்லாததால வரிசையில நின்ன ரெண்டு பேரை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. சாயங்காலமே விட்டுட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். நீங்க நாலு பத்துக்கு வந்திருந்தா?"

ஐயா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். அந்த அம்மா நிறுத்தவில்லை.

"நாலு இருபதுக்கு நான் வண்டிக்குள்ள, உங்க பின் சீட்டுல, கட்டை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீங்க முன்னாடி கையுறையைக் கழட்டிட்டு டீ குடிச்சிட்டிருப்பீங்க. ரெண்டு பேரும் அன்னைக்கே காலி."

முப்பத்தைந்து வருஷம் நிமிஷக் கணக்கில் வண்டி ஓட்டியவர் உதட்டை அசைத்து அசைத்து அந்தக் கணக்கைப் போட்டார். நாலு பத்து. நாலு இருபது. நாலு இருபத்திரண்டு. மறுபடியும் முதலிலிருந்து போட்டார். அவருக்கு வேன் வந்த நேரம் இத்தனை வருஷமாகத் தெரியாது. அந்த அம்மாவுக்கு ட்ராம் வந்த நேரம் தெரியாது. பாதி விடை ஒருவரிடம், மீதி விடை இன்னொருவரிடம் இருந்திருக்கிறது.

"அப்போ நான் லேட்டானது..." என்று ஆரம்பித்தார்.

"நல்லதாப் போச்சு" என்று அந்த அம்மா முடித்தார். "பூட்ஸ்காரன் செஞ்ச ஒரே நல்ல காரியம்."

ஐயா சிரித்தார். அழுகையும் சேர்ந்து வந்ததில் புரையேறியது. அந்த அம்மா எழுந்து அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், நாற்பத்தோரு வருஷமும் அதே முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்போல.

பிற்பகலில் ஐயா திருத்தத் தாள்களை விரித்தார். ஒன்பதாவது அத்தியாயத்தின் கடைசி வரியை அடிக்கப் பென்சிலை எடுத்தார். அந்த அம்மா குறுக்கே கை வைத்தார்.

"இருங்க. மொதல்ல நான் படிக்கிறேன்." படித்தார். இடையிடையே 'ம்' என்றார். "நல்லாத்தான் அழுதிருக்கீங்க. அழுகையை அப்படியே வைங்க, நாற்பது வருஷம் நெஜமா அழுதது அது. கடைசி வரியை மட்டும் எடுத்துட்டு வேற எழுதுங்க. அப்புறம், எனக்கு மாறுகண்ணுன்னு எழுதியிருக்கீங்க. எந்தக் காலத்துல எனக்கு மாறுகண்ணு?"

"கண்ணாடியில பாத்தது. டிரைவர் கண்ணாடி. அது கொஞ்சம் கோணல்."

"நீங்க என் மூக்கை உடைச்சதுக்கு இது ஒண்ணுமில்ல" என்று அடுத்த நொடியே ஐயாவும் பதிலுக்கு ஆரம்பித்தார். "அடுத்த பதிப்புல என் மூக்கை ஒட்டவெச்சுடணும், சொல்லிட்டேன்!"

"அது நாவல். மூக்கு உடையணும்னா உடையும்."

"பாத்தியாம்மா?" என்று ஐயா லைப்ரரியம்மாவிடம் முறையிட்டார்.

அவள் இந்தத் தடவை எந்தப் பக்கமும் சேரவில்லை.

வரியை அடித்த இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு ஐயா தயங்கினார். ஏழு வாரமாகச் செத்தவர்கள் பட்டியலில் தேடிய விஷயம். உயிரோடு இருக்கிறவரிடம் கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

"விதிப்படி கேக்கக்கூடாதுதான். ஆனா புத்தகத்துல போடணும். உங்க பேர் என்னங்க?"

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். நாளிதழ் மேசையில் ஆறு காதுகள் நீண்டிருந்தன. பழைய பழக்கம், விடுமா? குனிந்து, கையை மறைத்துக்கொண்டு, ஐயாவின் காதில் சொன்னார்.

ஐயாவின் புருவம் உயர்ந்தது. "இதா?"

"ஏன், என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்ல. உங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தல. நான் வேற என்னென்னமோ வெச்சுப் பாத்தேன்."

"எங்கம்மாகிட்ட நானும் அதைத்தான் சொன்னேன், கேக்கல" என்றார் அந்த அம்மா. "உங்க பேரைச் சொல்லுங்க, அதையும் பாப்போம்."

ஐயா அந்த அம்மாவின் காதருகே குனிந்தார். லைப்ரரியம்மா தலையைத் தாழ்த்திக்கொண்டு முத்திரை குத்துவதுபோல் காட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், அந்த அம்மா சத்தம் போடக்கூடாது என்ற பலகையை மறந்து சிரித்த சிரிப்புதான்.